சிவப்பு மெது, நீலம் கெட்டி

“என்னுங்க டாக்டர், அந்த எடம் மட்டும் செவப்பாத் தெரியுது? ரத்தமுங்களா?” என்று கட்டிலில் படுத்திருந்த சுலோசனா தலையைத் தூக்கித் திரையைப் பார்த்துக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஸ்கேனுக்கு வயிற்றில் ஜெல் தடவிப் படுக்க வைத்தால் பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். இதற்கென்று ஒன்பது வருடமாக ஒரே பதிலை வைத்திருக்கிறேன். ‘ரத்தமில்லீங்க, வெறும் நிறம். இந்தக் கருவியால உள்ளே இருக்கிற சதையை லேசா அமுக்கிப் பார்க்கிறோம். நசுங்கினா மெது, நசுங்காட்டி கெட்டி. சிவப்பு மெது, நீலம் கெட்டி, அவ்வளவுதான்.’ ஒப்பித்து ஒப்பித்து அது என் வாயிலேயே தேய்ந்து போய்விட்டது. இன்றைக்கும் ‘சிவப்புன்னா’ என்று ஆரம்பித்தேன். சும்மா சொல்வதைவிடக் காட்டியே சொல்லலாமே என்று, திரையின் வலது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நிற்கிற நிறப் பட்டையை நோக்கி விரலை நீட்டினேன். பட்டையின் மேல் நுனி சிவப்பு. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஹார்ட்’, அதாவது கெட்டி, என்று இருந்தது. கீழ் நுனி நீலம். அதன் பக்கத்தில் ‘சாஃப்ட்’, மெது. நீட்டின விரல் நீட்டினபடி நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. கடிகாரத்தை எதற்குப் பார்த்தேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை, கண் தானாகப் போயிற்று. “செவப்புன்னா என்னுங்க?” என்றாள் சுலோசனா. “பேசாம மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றேன்.

மூச்சைப் பிடித்தாள் பாவம். நானும் பிடித்தேன். பட்டை தலைகீழாக இருக்கிறது. இல்லை, பட்டை நேராகத்தான் இருக்கிறது, நான்தான் தலைகீழ். பழைய மெஷினில் சிவப்பு மெது, நீலம் கெட்டி. ஒன்பது வருடம் அதிலேயே குடித்தனம் நடத்திவிட்டு இரண்டு மாதம் முன்னால் இந்தப் புது மெஷின் வந்தபோது, இதில் எல்லாம் எதிர்ப்பதமாக இருப்பதைப் பார்த்து, கம்பெனியிலிருந்து வந்தவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், எனக்கு என் பழைய நிறமே வேண்டும், இந்த வயதில் என்னால் புதிதாகப் படிக்க முடியாது என்று. அவரும் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். புதன்கிழமை காலையில் மறுபடி வந்தார், ஏதோ புது மென்பொருள் ஏற்ற வேண்டும் என்றார். பதினொன்றரை வரைக்கும் ஏற்றினார். அவர் போன பிறகு பார்த்தால் தேதி மாதத்தை முன்னால் போட்டுக் காட்டியது, எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துப் போயிருந்தது. நான் கத்தினேன். உதவிக்கு இருக்கிற ரேணுகாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தேதியை மாற்றினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், மையத்தின் பெயர் மேலே வருகிறதா என்று பார்த்தேன். எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி திரும்பிவிட்டது என்றால் நிறமும்தானே திரும்பியிருக்கும்? அதை மட்டும் பார்க்கவில்லை. தேதியைச் சரிபார்த்தேனாம். பெரிய கெட்டிக்காரி. பட்டை என்னவோ ஒளிந்துகொண்டா இருந்தது? புதன் மத்தியானத்திலிருந்து இந்த நிமிஷம் வரை அதே ஓரத்தில் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. தினமும் பார்க்கிற பொருளை யார் பார்க்கிறார்கள்? எங்கள் வீட்டுக் குளியலறையில் பிளம்பர் குழாயை மாற்றி வைத்துவிட்டுப் போனான், சிவப்புப் புள்ளி போட்டதில் பச்சைத் தண்ணீர், நீலத்தில் சுடுதண்ணீர். நாலு நாளில் எங்கள் எல்லாருக்கும் பழகிவிட்டது, யாரும் அதைத் திருத்தவே இல்லை. விருந்தாளிகள்தான் உள்ளேயிருந்து கத்துவார்கள். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து சிரிப்போம். “மூச்சு விட்டுக்கலாமுங்களா?” என்றாள் சுலோசனா. விடச் சொன்னேன்.

புதன் மத்தியானத்திலிருந்து நிறம் போட்டுப் பார்த்தது எத்தனை பேருக்கு? எல்லாருக்கும் போடுவதில்லை, சந்தேகம் இருந்தால்தான். மூன்று பேர். முதல் ஆள் ஏற்கெனவே தெரிந்த கட்டிக்காக மறுபடி வந்தவர், அதில் நான் மாற்றி எழுதியிருந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. இன்னொருவருக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியாகிவிட்டது, அங்கே மைக்ராஸ்கோப் சொல்வதுதான் தீர்ப்பு, என் நிறத்தை யாரும் கேட்கப் போவதில்லை. மூன்றாவது திலகமணி. பெயரை நினைத்தவுடன் வயிற்றில் வைக்கிற புரோப்பைப் பிடித்திருந்த கை வியர்த்தது, இந்த ஏசிக் குளிரில். முப்பத்துமூன்று வயது, கயிறு மில்லில் வேலை, ஒரு பெண் குழந்தை, அதற்கு எட்டு வயது. அதற்குப் பிறகு இரண்டு தடவை கரு தங்கி, இரண்டும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. ஒன்றரை வருடமாக நிற்காத உதிரப்போக்கு. முகம் வெளுத்துக் கண்ணுக்குள் ரத்தமே இல்லை. அறுவைச் சிகிச்சை நிபுணர் பாகீரதி மேடம் அனுப்பியிருந்தார், ‘கட்டியா, சுவர் வீக்கமா, திட்டமாகச் சொல்’ என்று சீட்டில் எழுதி. அவர் கேட்டதில் நியாயம் உண்டு. தனிக் கட்டி என்றால் அதற்குக் கரை இருக்கும், அதை மட்டும் உரித்தெடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை விட்டுவிடலாம். கர்ப்பப்பையின் சுவரே வீங்கிக் கிடக்கிறது என்றால் கரை கிடையாது, இட்லி மாவில் கலந்த உப்பைத் தனியாக எடுக்க முடியாத மாதிரி, அப்போது கர்ப்பப்பையையே எடுத்துவிடுவதுதான் அவருடைய வழக்கம். கட்டி பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், வீக்கம் மெதுவாக இருக்கும். சாதாரணப் படத்தில் கரை இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. சரி, நிறம் சொல்லட்டும் என்று போட்டேன். அந்த இடம் முழுக்கச் சிவப்பு. சிவப்பு மெது. மெது என்றால் வீக்கம். எழுதிவிட்டேன்.

எழுதும்போது கை தயங்கியதா? அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன், ஒரு துளித் தயக்கமாவது இருந்ததா என்று, இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். கூட அவளுடைய மாமியார் வந்திருந்தார், குள்ளமாக, வெற்றிலை வாயோடு, இடுப்பில் செருகின சுருக்குப் பையோடு. அறைக்குள் வந்ததுமே ஆரம்பித்தார். “ஏனுங் அம்மிணி, புதங்கெழம பன்னெண்டுல இருந்து ஒண்ணரை வரைக்கும் ராகுகாலமுங். கொஞ்சம் தள்ளிப் பாத்துக்கலாமுங்களா?” என்றார். நான் விடுவேனா? “இந்த மெஷினுக்கு ராகுவும் கெடையாது கேதுவும் கெடையாது, படுக்கச் சொல்லுங்க” என்றேன். ரேணுகா கூடச் சிரித்தாள். அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. “இன்னைக்குப் போகட்டுமுங், வெள்ளிக்கெழம ஆப்பரேசன மட்டும் பாகீரதியம்மாகிட்டச் சொல்லிப் பன்னெண்டு தாண்டித்தான் வெக்கோணும்னு கேட்டுப்போட்டனுங். வெள்ளிக்கெழம பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு” என்றார். பெரிய பஞ்சாங்கம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கண் எதற்குக் கடிகாரத்துக்குப் போனது என்று இப்போது தெரிகிறது. பதினொன்று பதினெட்டு. அந்த அம்மாளின் ராகு இல்லாவிட்டால் காலை முதல் ஆளாகப் பத்தரைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நான் கிண்டல் செய்த ராகு எனக்காக அங்கே ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் முக்கால் மணி நேரமாகக் குறுக்கே படுத்துக் கிடக்கிறது. எனக்கு இப்போதும் அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த அம்மாள் எதிரே இருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

விழுந்திருப்பாயாக்கும். போன் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, எட்டினால் கைக்கு வரும், அதை எடுக்கிறாயா? எடுக்கவில்லை. சுலோசனாவின் வலது சினைப்பையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைத்து, அளந்து, குறித்தும் ஆயிற்று, ஆனாலும் மறுபடி அளக்கிறேன். கட்டிலில் ஒரு ஆள் இருக்கும்போது பாதியில் விட்டுப் போவது முறையில்லை என்று ஒரு நியாயம் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் இன்னொன்று கிடைத்தது. மென்பொருள் ஏற்றினது புதன்கிழமைதான், ஆனால் நிறம் அன்றைக்கே மாறியிருக்க வேண்டுமா? நேற்று ரேணுகா துடைக்கும்போது ஏதாவது பொத்தானைத் தட்டியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் புதன்கிழமை சிவப்பு மெதுதான், திலகமணிக்கு நான் எழுதியது சரிதான். ரேணுகா மேல் பழியைப் போட எவ்வளவு சுளுவாக வருகிறது பார். நிறம் எப்போது மாறியது என்று தெரிந்துகொள்வதும் பெரிய வித்தை இல்லை. திலகமணியின் படம் இதே மெஷினுக்குள் இருக்கிறது, நாலு பொத்தானை அமுக்கினால் வந்து நிற்கும், ஓரத்தில் பட்டையோடு. நாலே பொத்தான். எனக்கு இடது சினைப்பையைப் பார்க்க வேண்டியிருந்தது. இன்னொன்றும் தோன்றியது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். பாகீரதி மேடம் வயிற்றைத் திறந்தால் அவர் கைக்கே தெரிந்துவிடாதா? முப்பது வருடக் கை அது. தெரியும்தான். ஆனால் முழுவதும் எடுப்பது என்று முடிவாகி, கையெழுத்து வாங்கி, ரத்தமில்லாத உடம்பை மேஜையில் போட்டு வைத்துக்கொண்டு யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள், வேகமாக எடுத்துவிட்டு வெளியே வரத்தான் பார்ப்பார்கள். எடுத்தது டப்பாவில் மருந்துத் தண்ணீரில் மிதந்து சோதனைக்குப் போகும். பத்து நாள் கழித்து ‘நார்க்கட்டி’ என்று ஒரு தாள் வரும். அதை யார் படிக்கப் போகிறார்கள்? உதிரம் நின்றுவிட்டது, தழும்பு ஆறிவிட்டது, அவ்வளவுதானே. என் தப்பும் அந்த டப்பாவுக்குள்ளேயே போய்விடும். திலகமணி எப்போதாவது கடைவீதியில் பார்த்தால் எனக்குக் கும்பிடு போடுவாள். இதை நினைத்தபோது உள்ளே எங்கேயோ ஓர் ஓரத்தில் கொஞ்சம் இதமாக இருந்தது. அந்த இதம்தான் என்னைப் பயமுறுத்தியது.

பாகீரதி மேடத்தைக் கூப்பிடுவது என்றால் சும்மாவா? ஆறு வருடம் முன்னால் ஒரு பெண்ணுக்கு வலது பக்கத்து நீர்க்கட்டியை இடது என்று எழுதிவிட்டேன். திரையில் நோயாளியின் வலது நமக்கு இடது பக்கம் தெரியும், முதல் வருடம் படிக்கிற பிள்ளைகள் செய்கிற தப்பு அது, எனக்கு நாற்பது வயதில் வந்தது. அவர் உள்ளே போய்ப் பார்த்து, சரியான பக்கத்தை எடுத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அந்த மாதம் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில், சாப்பாட்டுத் தட்டோடு எல்லாரும் நிற்கும்போது, “இந்து, உப்பு உன் இடது பக்கம் இருக்கு. உன் இடதா என் இடதா?” என்றார். முப்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம். அதற்கப்புறம் இரண்டு வருடம் எங்கே பார்த்தாலும் அதே கேள்வி. என் கணவர்கூட ஒருநாள் காரைத் திருப்பும்போது கேட்டுவிட்டார், அன்றைக்கு அவரோடு சாயங்காலம் வரைக்கும் பேசவில்லை. அன்றையிலிருந்து நான் ஒவ்வொரு அறிக்கையிலும் இடது வலதை மூன்று தடவை பார்க்கிறேன். மூன்று தடவை! புதன்கிழமையும் பார்த்தேன். பக்கம் சரி, தேதி சரி, பெயர் சரி, வயது சரி. இப்போது போய் என்ன சொல்வது? ‘மேடம், இந்தத் தடவை இடது வலது இல்லை, சிவப்பு நீலம்’ என்றா? அவர் என்ன சொல்வார் என்று எனக்கு இங்கேயே கேட்கிறது. ‘உன் சிவப்பா என் சிவப்பா, இந்து?’ காது சூடேறியது. ஒரு மனுஷியின் கர்ப்பப்பை ஒரு தட்டில், நான் கேலிக்கு ஆளாவது இன்னொரு தட்டில், தராசு ஆடிக்கொண்டிருக்கிறது, ஆட விட்டு நானே வேடிக்கை பார்க்கிறேன். வெட்கமாக இல்லையா உனக்கு? இருக்கிறது. ஆனால் வெட்கம் எப்போதாவது யாரையாவது எழுந்திருக்க வைத்திருக்கிறதா? உட்கார வைக்கத்தான் அதற்குத் தெரியும்.

“வலிக்குதுங் டாக்டர்” என்றாள் சுலோசனா. பார்த்தால் புரோப்பை அவள் அடிவயிற்றில் அமுக்கிக்கொண்டிருக்கிறேன், எவ்வளவு நேரமாகவோ. தோல் குழிந்து ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. இது லேசாக, துணி மேல் கை வைத்துத் தடவுகிற மாதிரி அமுக்கிவிட்டு எடுக்க வேண்டிய வேலை. அழுத்தி வைத்தால் மெதுவான இடம்கூடக் கெட்டியாகத்தான் காட்டும், கை சொல்கிற பொய் அது. கையை எடுத்தேன். அவள் முகம் மாறியிருந்தது. டெய்லர் கடை வைத்திருக்கிறவள், வந்ததிலிருந்து வாய் ஓயாமல் பேசினவள், என் ஜாக்கெட்டின் தோள் தையல் விட்டிருக்கிறது என்று படுத்தபடியே கண்டுபிடித்துச் சொன்னவள், இப்போது உதடு நடுங்கப் படுத்திருந்தாள். “அப்பப் புடிச்சு அந்த ஒரே எடத்தைத்தான் பாத்துட்டே இருக்கறீங்க. செவப்புன்னா என்னன்னு கேட்டனுங், சொல்லவே மாட்டீங்கறீங்க. கெட்டதுங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிப்போடுங். எம் பையனுக்கு இன்னும் காலேஜ் முடியலீங்” என்றாள். இவளுக்கு நான் இவ்வளவு நேரமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. என் பயத்தை ஜெல்லோடு சேர்த்து இவள் வயிற்றில் தடவியிருக்கிறேன். “அய்யோ, உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. சாதாரண நார்க்கட்டி, நெல்லிக்காய் அளவு. கெட்டியா இருக்கு, அதான் சிவப்பு. மாத்திரையே போதும்னு நினைக்கிறேன்” என்றேன். சிவப்பு கெட்டி. என் வாய் அதை முதல் தடவையாகச் சொன்னது. அவள் கண்ணை மூடி, குலதெய்வத்தின் பேரைச் சொல்லி, ஒரு பெருமூச்சு விட்டாள். புதன்கிழமை இதே கட்டிலில் திலகமணி கேட்டது நினைவுக்கு வந்தது. மாமியார் வெளியே போன பிறகு, முந்தானையால் வயிற்றைத் துடைத்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி கேட்டாள். “இன்னொண்ணு பொறக்குமுங்களா?” என்றாள். “ரிப்போர்ட்டை மேடம் சொல்வாங்க” என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் முறை. பதிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு முறையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலும் தப்பு.

“கொஞ்சம் அப்படியே இருங்க” என்று சுலோசனாவின் கையில் துடைக்கத் தாளைக் கொடுத்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பினேன். பதினொன்று நாற்பத்திரண்டு. எப்படி நாற்பத்திரண்டு ஆனது? ஒரு வயிற்றைப் பார்க்க எனக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகும். பொத்தானை அமுக்கினேன், ஒன்று, இரண்டு. பெயர்ப் பட்டியல் வந்தது, அவள் பெயர் மேலிருந்து இருபதாவதோ என்னவோ. மூன்று. நான்காவதை அமுக்கும் முன்னால் இடது உள்ளங்கையைத் திரையின் வலது ஓரத்தில் வைத்து மூடிக்கொண்டேன், குழந்தை பரீட்சைத் தாளில் மார்க்கை மூடிக்கொள்கிற மாதிரி. படம் வந்தது. சாம்பல் நிறக் கர்ப்பப்பை, நடுவில் நிறத்துக்காக நான் போட்ட சதுரம், சதுரத்துக்குள் சிவப்பு. கையை எடுக்காமல் நிறத்தை நீக்கிவிட்டு வெறும் படத்தை மட்டும் பார்த்தேன். கரை இருந்தது. சுற்றிவர, ஓரிடத்தில் மட்டும் மங்கி, மற்றபடி நன்றாகவே இருந்தது. புதன்கிழமையும் இருந்திருக்கும். எனக்குக் கண் இருந்தது, சந்தேகமும் வந்தது, சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு நிமிஷம் பார்த்திருந்தால் நிறமே தேவைப்பட்டிருக்காது. சாப்பாட்டு நேரம் என்று நிறத்திடம் விட்டுவிட்டேன். சதுரத்தைக் கட்டியின் மேல் மட்டும் போட்டிருக்கிறேன். கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டிருந்தாலும் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு நீலமாகத் தெரிந்திருக்கும், கொழுப்பு எங்கேயாவது கெட்டியாக இருக்குமா, அப்போதே பிடித்திருப்பேன். மெஷின் எனக்கு எத்தனை வழி வைத்திருந்தது. உள்ளங்கையை எடுத்தேன். சிவப்புக்குப் பக்கத்தில் ‘ஹார்ட்’. ரேணுகா எந்தப் பொத்தானையும் தட்டவில்லை.

பாகீரதி மேடத்தின் கைபேசி அடித்து அடித்து நின்றது. தியேட்டர் போனுக்குப் போட்டேன். விரல் இரண்டு தடவை தப்பு எண்ணை அமுக்கியது. நர்ஸ் எடுத்தாள். “டாக்டர் இந்துமதி பேசறேன், திலகமணி கேஸ்…” என்றதுமே, “எல்லாம் ரெடிங் டாக்டர், மரத்துப்போற ஊசி போட்டுப் படுக்க வெச்சாச்சுங். மேடம் கை கழுவிட்டு நிக்கறாங்க. பன்னெண்டு அடிக்கோணும்னு அந்தப் பெரியம்மா வெளிய கடியாரத்தப் பாத்துட்டே உக்காந்திருக்குதுங்” என்று சிரித்தாள். மேடத்திடம் பேச வேண்டும் என்றேன். கை கழுவினவர் போனைத் தொடக் கூடாது, ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தாள். “என்ன இந்து?” என்ற குரல் ஓடு பதித்த சுவரில் எல்லாம் பட்டு வந்தது. அங்கே எத்தனை பேர் நிற்கிறார்களோ, எல்லாருக்கும் கேட்கும். சொன்னேன். புதன்கிழமை மென்பொருள் ஏற்றியதை, நிறம் மாறியதை, நான் பார்க்காததை. “கட்டிதான் மேடம். கரை இருக்கு. படத்துலயே இருக்கு. நான்தான் நிறத்தை நம்பி விட்டுட்டேன்.” சொல்லிவிட்டுக் காத்திருந்தேன், உன் சிவப்பா என் சிவப்பா என்பதற்காக. அது வரவில்லை. மானிட்டர் மட்டும் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அவர் கேலி செய்திருந்தால் தேவலை என்று இருந்தது. கடைசியில், “கட்டியை மட்டும் எடுத்துப் பாக்கறேன். ரத்தம் நிக்கலைன்னா மறுபடி முழுசும் எடுக்க வேண்டி வரலாம். அதை அவகிட்டதான் கேக்கணும். அவ முழிச்சுத்தான் இருக்கா” என்றார். பிறகு, “நீயே சொல்லு” என்றார். போனைக் கொண்டுபோகிற சத்தம் கேட்டது.

“சொல்லுங் டாக்டர்” என்றது திலகமணியின் குரல். சன்னமாக, கீழேயிருந்து வருகிற மாதிரி இருந்தது. மேடம் சொல்வாங்க என்று ஒதுங்க இனி இடமில்லை. “அம்மா, புதன்கிழமை நான் தப்பா எழுதிட்டேன். உனக்கு இருக்கிறது கட்டி. அதை மட்டும் எடுத்தாப் போதும் போல இருக்கு. கர்ப்பப்பையை எடுக்கணும்னு அவசியமில்லை. ஆனா ரத்தம் ஜாஸ்தியாப் போனா அப்ப எடுக்க வேண்டி வரலாம். உறுதியாச் சொல்ல முடியாது. உனக்கு எது வேணும்?” என்றேன். “அப்ப அது இருக்கட்டுங்களா?” என்றாள். பிறகு, யாரிடமோ அனுமதி கேட்கிற மாதிரி இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, “இருக்கட்டுமுங்” என்றாள். ம் என்றேன். அழுகிறாள் போலிருந்தது, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நல்லவேளைங் டாக்டர்” என்றாள். “தெரிஞ்ச ஒடனே கூப்பிட்டுச் சொல்லிப்போட்டீங்க. வேற யாராவதா இருந்தா பேசாம இருந்திருப்பாங்க. நீங்க நல்லா இருக்கோணுமுங்.” சுவரில் பதினொன்று ஐம்பத்து நாலு, எனக்குத் தெரிந்தது பதினொன்று பத்துக்கு. “இல்லம்மா, நான்…” என்று ஆரம்பித்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்கள். கையில் போனோடு திரும்பினால், சுலோசனா கட்டிலின் விளிம்பில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் ஜெல் இன்னும் துடைத்து முடியவில்லை, தாள் கையிலேயே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.